என் முதல் புரோகிராமை ஓடவைத்தவர்களுக்கு

மிஸ், இதை உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

நான் இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பராக இருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "அக்கா, நீங்க புரோகிராமிங் எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று கேட்பார்கள். எந்த மொழி, எந்த கோர்ஸ், எந்த யூடியூப் சேனல் என்று பதில் வரும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. எனக்கோ வரிசையாக ஆட்களின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்க வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு, இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மிஷினையும் தங்கள் நேரத்தையும் கொடுத்தவர்கள். சிலரிடம் நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன், சிலரை நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் சேர்த்து ஊரறியச் சொல்லவே இந்த மடல். தெரிந்தவர்கள் யாருடைய பெயரையும் போடவில்லை, கேட்காமல் போடுவது முறையில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

சரி, மிஸ். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகம் அப்போது இரண்டு தொகுதி. முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருள், இரண்டாவதில் சி++ என்ற புரோகிராமிங் மொழி. லேபில் ஓடுகிற நிலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் குறைவு, ஒரு மிஷினுக்கு மூன்று நான்கு பேர், கீபோர்டு கைக்கு வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அதனால்தான் நீங்கள் கம்ப்யூட்டரே இல்லாமல் புரோகிராம் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டும் ஃபார் லூப் அன்றைக்கு, அதாவது நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை. கூட்டுத்தொகையை வைத்திருப்பது சம், எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதை வைத்திருப்பது ஐ. என்னைக் கூப்பிட்டு "நீதான் சம்" என்றீர்கள், என் பக்கத்து பெஞ்சுக்காரியிடம் "நீ ஐ". ஆளுக்கு ஒரு சிலேட். நீங்கள் போர்டில் ஒவ்வொரு வரியாக விரல் வைக்க, அவள் சிலேட்டில் 1, நான் 1. அவள் அழித்து 2 எழுத, நான் 3. அப்புறம் 6, 10, 15. வகுப்பே கைதட்டி முடித்துவிட்டது. நீங்கள் மட்டும் விரலை எடுக்காமல் "ஐ, இன்னும் உன் வேலை முடியலையே" என்றீர்கள். அவள் அழித்து 6 எழுதினாள். ஐந்தோடு நிற்க வேண்டியவள் எதற்கு ஆறு எழுதுகிறாள் என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஆறு ஆனாத்தான் நிபந்தனை பொய்யாகும், பொய்யானாத்தான் லூப்பை விட்டு வெளியே வர முடியும்" என்றீர்கள்.

மிஸ், லூப் முடிந்தபின் கவுன்ட்டரில், அதாவது அந்த 'ஐ'யில், என்ன இருக்கும் என்பது தெரியாமல் இன்டர்வியூவில் திணறுகிற இன்ஜினியர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். எனக்கு அது ஒரு தோழி சிலேட்டில் எழுதிக் காட்டிய எண். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து வந்த சொற்பச் சம்பளத்துக்குத்தான் நீங்கள் வேலை பார்த்தீர்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மதிய இடைவேளையில் லேப் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு "செருப்பைக் கழட்டிட்டுப் போ, முடிச்சதும் ஷட் டவுன் பண்ணு" என்பதோடு சரி, என்ன செய்கிறேன் என்று எட்டிப்பார்க்கக்கூட மாட்டீர்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் முதல் நன்றி.

லேப்டாப் வந்தது 2012இல். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை படித்தவர்களுக்கு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அது. இலவசம் கொடுத்துப் பழக்குகிறார்கள், பிள்ளைகள் படம்தான் பார்க்கும் என்று அப்போதும் பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள். படம் பார்த்தவர்கள் இருக்கலாம், நானும் பார்த்தேன். ஆனால் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் என்று ஒரு பொருள் வீட்டுக்குள் வந்த முதல் வழி அதுதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அந்தத் திட்டத்தை யோசித்தவர்கள், கொள்முதல் செய்த அதிகாரிகள், பெட்டி பெட்டியாக லாரியிலிருந்து இறக்கி சீரியல் நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கிய பள்ளி ஊழியர்கள், எல்லோருக்கும் நன்றி. வரி கட்டிய ஒவ்வொருவருக்கும்தான்.

2012 என்றால் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மின்வெட்டுதான் ஞாபகம் வரும். ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது, எப்போது வரும் என்பதும் தெரியாது. ராத்திரியில் த்ரீ ஃபேஸ் வரும் நேரத்துக்கு அப்பா எழுந்து நிலத்துக்கு மோட்டார் போடப் போவார். போகும்போது என் லேப்டாப் சார்ஜரையும் பிளக்கில் சொருகிவிட்டுப் போவார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை, சார்ஜர் என்ற பெயரைக்கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை, "அந்த ஒயரு" என்பார். காலையில் நான் எழுந்தால் பேட்டரி நிறைந்திருக்கும். அந்தச் சார்ஜில்தான் சி++ படித்தேன், அப்பா.

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது, சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காகச் செய்தது. எங்களில் பெரும்பாலானோர் அதைத் திறக்கவே இல்லை. மெனுவைத் தமிழில் மாற்ற முடிகிறது என்பதால் நான் திறந்தேன். திறந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அதுதான் என்னைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் கொண்டுபோய் விட்டது.

அண்ணா, உங்கள் கடையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், ஸ்காலர்ஷிப் ஃபாரம், உள்ளே மரத் தடுப்பு வைத்து நாலைந்து பிரவுசிங் சிஸ்டம். ரிசல்ட் அன்றைக்கு ஊரே உங்கள் கடையில்தான் நிற்கும். லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, லினக்ஸில் சி++ ஓட என்ன வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் உங்கள் கடை இணைப்பைக் கொடுத்து நாம் எழுதும் புரோகிராமை மிஷினுக்குப் புரியும்படி மாற்றும் ஜி++ கம்பைலரை இறக்கி நிறுவிக் கொடுத்தீர்கள். புத்தகத்தில் இருந்த முதல் புரோகிராமை அப்படியே அடித்தேன். ஓடவில்லை. திரையில் எழுத்தைக் காட்டுவதற்காகப் புரோகிராமின் தொடக்கத்தில் சேர்க்கச் சொல்லும் ஐஓஸ்ட்ரீம்.எச் என்று ஒரு ஃபைலே இல்லை என்றது. புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கிறது, பள்ளி லேபில் நீலத் திரை டர்போ சி++ என்ற கம்பைலரில் ஓடுகிறது, இங்கே மட்டும் இல்லையாம்.

வேறு யாராக இருந்தாலும் "அப்ப விண்டோஸ்லயே போடும்மா" என்று அனுப்பியிருப்பார்கள். நீங்கள் ஜெராக்ஸுக்கு நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தேட உட்கார்ந்தீர்கள். உலகத்தில் எங்கேயோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார், இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார். டர்போ சி++ 1990களின் ஆரம்பத்துச் சரக்கு. சி++ மொழிக்கு உலகப் பொதுத் தரம் வந்ததே 1998இல்தான், அதில் அந்த '.எச்' போய்விட்டது, புரோகிராம் தொடங்கும் 'வாய்டு மெயின்' வரி போய் 'இன்ட் மெயின்' ஆகிவிட்டது. திரையைத் துடைக்கிற கிளியர்ஸ்கிரீனும் ஒரு எழுத்தை வாங்குகிற கெட்ச்சும் வருகிற கோனியோ என்பது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கம்பைலர்களோடு வந்தது, மொழியின் பகுதியே இல்லை. நான்கு வரி மாற்றினோம், ஓடியது. கருப்புத் திரையில் என் பெயர் வந்தது. நீங்கள் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து, காசு வாங்காமல், "பரீட்சைல புக்ல இருக்கிற மாதிரியே எழுது, வீட்ல இந்த மாதிரி எழுது" என்றீர்கள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது பெரிய விஷயம், அண்ணா. அச்சில் வந்த பாடத்துக்கும் ஓடுகிற மிஷினுக்கும் நடுவில் பல வருஷ இடைவெளி இருக்கலாம், கம்பைலர் திட்டுவதை வாய்விட்டுப் படித்தால் பாதி விடை அதிலேயே இருக்கும் என்பது. (டர்போ சி++ஐ இன்னும் பாடத்தில் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. தயவுசெய்து அதற்கு ஓய்வு கொடுங்கள். பிள்ளைகள் கஷ்டப்பட்டுக் கற்றதை வெளியே வந்து மறக்க வேண்டியிருக்கிறது.)

இனி பால் சொசைட்டி மாமாவுக்கு. மாமா, உங்களுக்கு நான் எதற்கு நன்றி சொல்கிறேன் என்றே புரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாடு. காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போகும், அட்டையில் லிட்டரும் ரீடிங்கும் எழுதித் தருவீர்கள், பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. அம்மா விரல் விட்டு எண்ணிக் கணக்கு பார்ப்பார். இதை ஒரு புரோகிராமாக எழுதலாமே என்று தோன்றியது. வெறும் லிட்டரைக் கூட்டுவது சுலபம், மிஸ் சொல்லிக்கொடுத்த அதே லூப்தான். ஆனால் விலை? அது ஒவ்வொரு வேளையும் மாறுகிறதே. உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த ரேட் சார்ட்டின் பக்கத்தில் என்னை நிறுத்தி, பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். இடது ஓரம் மேலிருந்து கீழே கொழுப்பு. மேலே இடமிருந்து வலம் எஸ்என்எஃப், அதாவது கொழுப்பைத் தவிர்த்த மற்ற திடச்சத்து. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு லிட்டருக்கான விலை.

புத்தகத்தில் இருபரிமாண அணி என்று ஒரு பாடம் இருந்தது. வரிசை, நெடுவரிசை, மேட்ரிக்ஸ் கூட்டல் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அது எதற்கு என்று தெரியாது. உங்கள் சுவரில் இருந்தது அதுதான் மாமா. அந்த சார்ட்டை உங்கள் மேஜையில் உட்கார்ந்தே நோட்டில் எழுதிக்கொள்ள விட்டீர்கள். வீட்டில் போய் அடித்தேன். கொழுப்பு 3.0இல் தொடங்குகிறது, ஒவ்வொரு வரிசைக்கும் 0.1 கூடுகிறது, ஆகவே கொழுப்பிலிருந்து மூன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் வரிசை எண் வந்துவிடும். 4.1 என்றால் பதினோராவது வரிசை. கம்ப்யூட்டர் பத்தாவது வரிசை விலையைக் கொடுத்தது. 4.0க்குச் சரியாக வருகிறது, 4.1க்கு வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தும் விளங்கவில்லை. அண்ணன் கடையில் கேட்டால் அவருக்கும் விளங்கவில்லை.

மறுபடியும் சொசைட்டிக்கு வந்து, புள்ளி போட்டால் கணக்கு தப்புகிறது மாமா என்றேன். நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள்: "நாங்க எங்கம்மா புள்ளி போடுறோம்? நாப்பத்தொண்ணுன்னுதான் எழுதுவோம்." லெட்ஜரைத் திருப்பிக் காட்டினீர்கள். உண்மைதான், கொழுப்புக் கட்டத்தில் 41, 38, 43 என்று முழு எண்களாகவே இருந்தது. 41இலிருந்து 30ஐக் கழித்தால் 11. பெருக்கலும் இல்லை, புள்ளியும் இல்லை. புரோகிராம் சரியாகிவிட்டது.

ஏன் தப்பியது என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது, அதில் 4.1ஐத் துல்லியமாக எழுதவே முடியாது, ஒரு துளி குறைவாகத்தான் நிற்கும். மூன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 10.99999 என்று வரும், முழு எண்ணாக்கும்போது பின்னம் வெட்டுப்பட்டுப் பத்தாகிவிடும். நான் இப்போது வேலை பார்ப்பது பணப் பரிவர்த்தனை சம்பந்தப்பட்ட மென்பொருளில். அங்கே ரூபாயைப் புள்ளி வைத்துச் சேமிக்க மாட்டோம், எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாக வைப்போம், இதே காரணத்துக்காகத்தான். டீமில் அதை விளக்க வேண்டி வந்தால் நான் உங்கள் லெட்ஜரைத்தான் சொல்கிறேன் மாமா. அந்தப் புரோகிராமை வைத்துப் பத்து நாள் கணக்கு போட்டு அம்மாவிடம் காட்டினேன், உங்கள் பட்டுவாடாவோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனது. அம்மா அதற்குப் பிறகும் விரல்விட்டுத்தான் எண்ணினார், ஆனால் முடித்துவிட்டு "உன் பொட்டியில எவ்வளவு வருது?" என்று கேட்பார். அம்மா, என் மென்பொருளின் முதல் பயனாளர் நீங்கள்தான்.

ஆயாவுக்கும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், பெண் பிள்ளை ராத்திரியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று விசாரித்தபோது, "படிக்குது, நீ காபியைக் குடி" என்று ஒரே வரியில் முடித்தது ஆயா. இன்று ஆயா இல்லை. அந்த ஒரு வரி இல்லாத வீடுகளில் எத்தனை லேப்டாப்கள் பரணில் ஏறின என்று எனக்குத் தெரியும்.

பிளஸ் டூ முடித்து 2013இல் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சிலிங். அப்பாவும் நானும் விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கினோம். முதல் பட்டதாரிச் சலுகை மட்டும் இல்லையென்றால் அந்தப் பயணமே இருந்திருக்காது. சான்றிதழுக்கு அலைந்தபோது, தாலுகா அலுவலகத்தில் ஃபாரத்தை வாங்கி தானே நிரப்பிக் கொடுத்த அந்த உதவியாளருக்கு நன்றி.

கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். முதல் செமஸ்டர் எப்படி இருந்தது என்று தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. ஹாஸ்டலில் பக்கத்து அறை சீனியர் அக்கா, நீங்கள் என்னை மாற்றிய விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஆங்கிலம் கற்றுக்கொள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. "உனக்குத்தான் டெர்மினல் தெரியுமே, எங்களுக்குச் சொல்லிக்கொடு" என்று உங்கள் வகுப்புத் தோழிகள் முன்னால் உட்காரவைத்தீர்கள். பாஸ் லினக்ஸில் டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் திரையில், தட்டித் தட்டிக் கற்றதைத் தமிழில் சொன்னேன், எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். அன்றோடு பயம் பாதி போயிற்று.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் நடந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனதும் நீங்கள்தான். எங்களை யார், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. சிஸ்டம் அட்மின்கள், பேராசிரியர்கள், பள்ளி மாணவர்கள் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் பற்றி ஒருவர் பேசினார். கூட்டம் முடிந்து வெளியே வந்த பிறகும் மரத்தடியில் நின்று என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார், தமிழிலேயே. அங்கேதான் கணியம் என்று ஒரு மின்னிதழ் இருப்பது தெரிந்தது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில், 2012 முதல், யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்ற உரிமத்தோடு நடத்துகிறார்கள். தரவுத்தளம் என்றால் என்ன என்று நான் முதலில் முழுசாகப் புரிந்துகொண்டது அங்கே தமிழில் படித்துத்தான். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் முகம் தெரியாது, குரல் நன்றாகத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்த்ததும் எழுதியதும் வீண்போகவில்லை, ஒரு ஹாஸ்டல் அறை முழுக்க அதைக் கேட்டுப் படித்திருக்கிறோம்.

முகம் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்து, நான் பயன்படுத்திய கம்பைலருக்கு 1987இல் வித்திட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன். 1991இல் லினக்ஸை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 2011 அக்டோபரில் காலமான, சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, அப்போது அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. புரோகிராம் எழுதப் பயன்படும் விம் எடிட்டரைத் தந்த பிராம் மோலனார். அதைத் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி இருக்கும். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், மனமிருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று சொன்ன மனிதர், 2023இல் மறைந்தார். முதல் சம்பளத்தில் வீட்டுக்குப் போக ஒரு சிறு தொகையை நான் அங்கே அனுப்பினேன், அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

வேலையில் என் முதல் டீம் லீட், உங்களுக்கும். நான் முதலில் எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து ரிவ்யூ செய்தபோது நீங்களே திருத்திப் போட்டிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு வரிக்கு வரி "இங்கே காலியான பட்டியல் வந்தால் என்ன ஆகும்?", "இந்தப் பெயரை ஆறு மாதம் கழித்துப் படித்தால் புரியுமா?" என்று கேள்வியாகவே எழுதி வைத்தீர்கள். இன்று நான் ரிவ்யூ செய்வதும் அப்படித்தான்.

கடைசியாக ஒருவர். ஐஓஸ்ட்ரீம்.எச் இல்லை என்கிறதே, என்ன செய்வது என்று எனக்கு முன்னால் எங்கேயோ இருந்து கேட்டவரே. பதில் சொன்னவரை எல்லோரும் பாராட்டியிருந்தார்கள், உங்களை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கலாமா என்று நீங்கள் தயங்கியிருந்தால், ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு அன்று எதுவும் கிடைத்திருக்காது. உங்கள் கேள்விக்கு நன்றி.

அன்புடன்,
பால் சொசைட்டிக் கணக்குப் போட்ட பெண்